மாமனார் சைக்கிளுக்குக் கியர் போட்ட வகையில்

மேற்குத் தாம்பரம்,
செப்டம்பர் 2006.

அன்புள்ள மச்சான் ஹேமநாத் அவர்களுக்கு,

தேவானந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், மழையும் பரவாயில்லை. உங்கள் தங்கை ஜோதிலட்சுமியும் நலம் என்றே நம்புகிறேன். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டதால் உறுதியாக எழுத முடியவில்லை. ஓசூரில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் ஹாலில் இருக்கிறது. ஜோதியும் ஹாலில்தான் இருக்கிறாள்.

விஷயம், மாமாவின் சைக்கிள். விமானப்படை முகாமிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் ஆபீசரிடம் மாமா ஆசையாக வாங்கி, எங்கள் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த அதே பச்சை ரேஸ் சைக்கிள். ரிட்டயரான பிறகு தொப்பை விழுகிறதே, ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். தாம்பரம் பாலம் ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. உங்கள் மகன் சூர்யாவிடம் சொன்னேன். அமெரிக்காவிலிருந்து கியர், புதுச் சக்கரம், பிரேக் என்று ஒரு பெட்டி நிறைய அனுப்பிவிட்டான். நல்ல பிள்ளை, அவனைத் திட்ட வேண்டாம். புதுச் சாமானைத் துருப்பிடித்த வண்டியில் மாட்டினால் நன்றாகவா இருக்கும்? பம்மலில் துரை என்பவர் பட்டறையில் ஃப்ரேமைக் கொடுத்து, துருவைச் சுரண்டிப் புது பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். நீல நிறத்தில் பளபளவென்று வந்தது. ஜோதி ஓடிவந்து பாரைத் தடவிப் பார்த்தாள். மாமா தன் கையாலேயே மஞ்சள் பெயிண்டில் முனிரத்தினம் என்று எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்து வளைந்து கீழே இறங்கியிருக்குமே, அது இல்லை. துருவோடு பேரும் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். "எங்க அப்பா கையால எழுதினதுன்னு இந்த வீட்ல இருந்தது அது ஒண்ணுதான்," என்றாள். அதோடு பேச்சு நின்றது. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். இது தாங்க முடியவில்லை.

சரி, வண்டியையாவது ஜோராகப் பூட்டிக் காட்டினால் மனசு இறங்குவாள் என்று உட்கார்ந்தேன். பின் சக்கரம் உட்காரும் இடம் பழைய காலத்து அளவு, சூர்யா அனுப்பிய சக்கரம் அகலம், எதிர்வீட்டுக்காரரின் கார் ஜாக்கியை நடுவில் கொடுத்து விரித்தேன், விரிந்தது, கூடவே ஜாக்கி நழுவி அவர் கட்டைவிரலில் விழுந்து இப்போது அவரும் பேசுவதில்லை. சீட் கம்பியைச் செருகினால் தொளதொளவென்று அடிவரை போய்விட்டது, இத்தனை வருடம் கச்சிதமாக நின்ற கம்பி, எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி நிறுத்தினேன். பெடல் அச்சு, இதே வண்டியில் கழற்றியதுதான், மரையில் ஏறவே மாட்டேன் என்றது, பெயிண்ட் அடைத்திருக்கும் என்று சுத்தியலால் புரிய வைத்தேன். கடைசியில் ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை, வயதானால் ஆள் சுருங்குவான் என்பார்களே, அதுதான் என்று விட்டுவிட்டேன். வண்டலூர் வரை ஒரு வெள்ளோட்டம் போனேன். பெருங்களத்தூரில் கியர் மாற்றியதும் செயின் போய் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னா சார், இத்தினி கியர் வெச்சிகினு ஆட்டோல வர்ற?" என்றார் டிரைவர்.

வாசலில் நின்ற ஜோதி வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். என்னிடம் சொல்லவில்லை, கதவிடம் சொன்னாள்: "இது எங்க அப்பா வண்டி மாதிரியே இல்ல."

ஆயுத பூஜைக்கு நீங்கள் வருகிறீர்கள். நம் வீட்டில் மாமா வண்டிக்குத்தான் முதல் பொட்டு, அதுவும் அந்தப் பேரின் மேல்தான் ஜோதி சந்தனம் வைப்பாள். இந்த வருடம் எங்கே வைப்பாள்? உங்களுக்கு அப்படியே மாமா கையெழுத்து. வரும்போது மஞ்சள் பெயிண்ட் வாங்கிவந்து அந்தப் பேரை எழுதிக் கொடுங்கள். கடைசி எழுத்தை மறக்காமல் கீழே இறக்குங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் அன்பு, சூர்யாவுக்கு ஆசீர்வாதம். ஜோதியும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பேச்சுத்துணை இல்லாத
தேவானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரம் வாசலில் ஆட்டோ. பட்டறைத் துரையும், பல்லாவரத்திலிருந்து ஐசக் என்ற ஓர் உயரமான மனிதரும் இறங்கினார்கள். கூடவே நம் பச்சை ஃப்ரேம்.

"கோச்சிக்காத சார். ரெண்டு ஃப்ரேம் ஒண்ணா வந்துச்சு, மாத்திக் குட்த்துட்டேன். உன்னுத இன்னும் தொடவேயில்ல, துருவோட அப்டியே கீது," என்றார் துரை.

"என் வண்டியக் கேட்டா முனிரத்தினம்னு பேர் போட்டதக் குடுக்கறாரு. என் பேரு ஐசக் சார்," என்றார் மற்றவர்.

ஆக, மச்சான், நான் சுருங்கவில்லை. இத்தனை பாடும் ஐசக்கின் வண்டிக்குத்தான் பட்டிருக்கிறேன். கியரையெல்லாம் கழற்றித் தந்துவிடுகிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன். "பின்னாடி விரிச்சிட்டீங்களே சார், என் பழைய சக்கரம் இனிமே எப்படி உக்காரும்?" என்றார் ஐசக். ஜோதி வந்தாள். பச்சை பாரில் மாமாவின் பேரை முதல் எழுத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போய், கீழே இறங்கிய கடைசி எழுத்தில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கியரோடயே எடுத்துட்டுப் போங்க சார்," என்றாள். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை, சீட், பெடல் என்று நம் பழைய சாமானை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். சூர்யாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

பிறகு ஜோதி என் பக்கம் திரும்பி, "பழைய சக்கரத்த மாட்டி காத்து அடிச்சி வைங்க," என்றாள். என்னிடம்தான் சொன்னாள். மாட்டினேன். சீட் கம்பி சொன்னபடி கேட்டது, கால் தரையில் பட்டது. மஞ்சள் பெயிண்ட் வாங்க வேண்டாம். இனிமேல் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஜோதி கூடவே நடந்து வருகிறேன் என்றாள்.