குறுக்கே நின்ற மாப்பிள்ளை

மரியாதை அளவுக்கு மீறினால் வழிமறியல் ஆகிவிடும். பெண் கேட்கப் போன இடத்திலேயே இதைச் செய்து காட்டியவன் நான்.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில், சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். காது கேளாத சரளாவை அங்கேதான் சந்தித்தேன். அவளுக்காகவே சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன். (கடையில் கேட்டவர்களிடம் சமூக சேவை என்றேன்.) சரளாவுக்குச் சம்மதம். அவள் அப்பாவோ, "எங்க அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். சரளாவின் அத்தையான அந்த அக்காவுக்கும் காது கேளாது. தம்பானூரில் ஞாயிறுதோறும் காது கேளாதவர்கள் எல்லாரும் கூடும் ஹாலுக்கு என்னை வரச் சொன்னார்கள். பார்த்துவிட்டு அத்தை முடிவு சொல்வார்.

நல்ல பிள்ளை என்று காட்ட, தட்டு நிறைய சாயாவோடு நடந்தேன். வழியின் ஒரு பக்கம் அத்தை, எதிர்ப்பக்கம் அப்பா, கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேச்சுக்குக் குறுக்கே சும்மா போகலாமா? நடுவில் நின்றேன். தட்டைத் தரையில் வைத்தேன். குனிந்து கைகூப்பினேன். 'போ, போ' என்று அத்தை கையசைத்தார். கோபம் போலிருக்கிறது என்று இன்னும் தாழக் குனிந்தேன். அவர் எட்டிப் பார்க்கச் சாய்ந்தார். நானும் அந்தப் பக்கமே நகர்ந்து கும்பிட்டேன்.

சரளாவின் தங்கை உஷா ஓடி வந்தாள். (அவளுக்குக் காது கேட்கும், வாயும் பெரிது.)

"அய்யோ அண்ணே, மன்னிப்பு ஒண்ணும் வேண்டாம் கேட்டோ! சட்டுன்னு கடந்து போகணும். நீங்க மறைச்சு நிக்கதுனாலயாக்கும் பேச்சே நின்னு போச்சு. அத்தை உங்க கல்யாணக் காரியம்தான் சொல்லிட்டிருந்தாங்க!"

என் கல்யாணத்துக்கு நானே சுவர் எழுப்பியிருக்கிறேன். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். சரளா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை எழுந்தார். ஹாலைப் பார்த்துக் குனிந்து கைகூப்பி, என்னைச் சுட்டிக் காட்டினார். அத்தனை பேரும் சிரித்தபடி அதையே திருப்பிச் செய்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"உங்களுக்குப் பேரு வச்சாச்சு. இனி அதுதான் உங்க சைகைப் பேரு. வெளியாளுக்கெல்லாம் அத்தை பேரு வைக்க மாட்டாங்க, அண்ணே."

மீசையை முறுக்குவதுபோல எனக்கு நானே ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். (அப்போது மீசையே சரியாக முளைக்கவில்லை.) அதை யாரிடமும் காட்டவில்லை.

இப்போது என் மகள் கல்யாண வீடுகளில் தன் அம்மாவின் முன் நின்று குனிந்து கும்பிடுவாள். பார்ப்பவர்கள், என்ன பணிவான பிள்ளை என்று மெச்சுவார்கள். அவள் கேட்பது, அப்பா எங்கே என்றுதான்.