ரெங்கசாமியின் வீங்கிய சம்மதம்

தேக்கா சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்த ரெங்கசாமிக்கு வாய்தான் மூலதனம். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் போன பிறகும், மகள் இளமதிக்கு வந்த வரன்களையெல்லாம் அந்த வாயாலேயே விரட்டினார். கடைசியில் அவளே ஒருவனைப் பிடித்துவிட்டாள். வெங்கடேஷ், துவாஸ் கப்பல் பட்டறையில் எஞ்சினியர். கடல் தாண்டி ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன். தீவின் மறுகோடியில், பூன் லேயில் வாடகை அறை.

"சனிக்கிழமை பெத்தவங்களோட வரட்டும். நான் கேக்குற கேள்வியில பூன் லே வரைக்கும் நடந்தே போயிடுவான்!"

மனைவி ரஞ்சிதம் அவரைப் பல் டாக்டரிடம் புதுப்பல் பொருத்த அழைத்துப் போனாள்.

"பல்லுக்காகத் தாடையில ஸ்குரூ வைக்கும்போது வலிக்காது அங்கிள், மரத்துப்போக ஊசி போட்டுடுவோம்," என்றார் டாக்டர் ரோஷினி. "அப்புறம்தான் வீங்கும். ரெண்டாம் நாள், மூணாம் நாள் ரொம்ப இருக்கும். வாயைத் திறக்கவே கஷ்டப்படுவீங்க."

"மூணு நாளா? ஒரு நாள்ல முடிச்சுக் குடுங்க."

"வீக்கத்துல டிஸ்கவுண்ட் இல்ல அங்கிள்."

"சரி, கடைசியா ஒன்றரை!"

டாக்டர் சிரித்துவிட்டார். சந்தையில் எதிராளி சிரித்தால் பேரம் படிந்தது என்று அர்த்தம். ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் வச்சுக்கலாமே," என்றாள் ரஞ்சிதம் மெதுவாக.

"ஏன் அடுத்த வாரம்? இந்த வியாழக்கிழமையே வேணும்!" அவள் ஒன்று சொன்னால் வேறொன்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்க இஷ்டம் லா."

சனிக்கிழமை அவர்கள் வீடு இருந்த பிடோக் முழுக்க மழை. ரெங்கசாமியின் இடது கன்னம் சுரைக்காய் மாதிரி தொங்கியது. நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடியும் தாடையில் விழுந்தது. ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு சோபாவில் தானே விருந்தாளியாய் உட்கார்ந்திருந்தார்.

"சம்மதம்தானே சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணியம்.

"ம்ம்... ம்ஹூம்..."

"ரொம்ப சந்தோஷமாம்," என்றாள் ரஞ்சிதம்.

ரெங்கசாமி ஆத்திரத்தோடு தலையை ஒரே உலுக்காக உலுக்கினார். தையல் சுரீரென்று இழுத்தது. கண்ணீர் கொட்டியது.

"பாருங்க, ஆனந்தக் கண்ணீர்!"

தாம்பூலத் தட்டு கை மாறிவிட்டது. இளமதி காலில் விழுந்தாள். வாழ்த்தவும் வாய் வரவில்லை. அவள் தலையில் கை வைத்தார். கை ஐஸாய்ச் சில்லிட்டிருந்தது.

எல்லோரும் போனதும் வீடு வெறிச்சென்றாகிவிட்டது. ஆறிய கஞ்சியோடு ரஞ்சிதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ... வேணும்னே..." என்று குழறினார்.

"வியாழக்கிழமை கேட்டது நீங்கதானே?" கரண்டியை வாயருகே நீட்டினாள். "வலது பக்கமும் ஒரு பல்லு ஆடுதுன்னீங்களே, அதையும் பாத்துடலாம். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்."