வாயில் துண்டு வைத்த டர்னர்

சினிமாவை அவ்வளவு வெறுத்துக்கொண்டு அவ்வளவு படம் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் டர்னர் ஒருவர்தான். மற்றவர்கள் கொட்டகையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்.

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் என்ற கடைசல் மிஷினை ஓட்டும் டர்னர் அவர், நான் கிளார்க். இருவருக்கும் ஒரே வாடகை அறை. அவருக்கும் பெயர் என்று ஏதோ இருந்தது. ஆனால் சாமல்பட்டியிலிருந்து கடிதம் போடும் அவர் பெண்சாதியே விலாசத்தில் ‘டர்னர்’ என்றுதான் எழுதுவாள்.

எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு டூரிங் கொட்டகை. புரொஜெக்டரும் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த ஐந்து நிமிஷம் மற்றவர்களுக்கு முறுக்கு, டர்னருக்கு மேடை. மணலில் எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, அதுவரை ஓடிய படத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார்.

சாமி படமா? “ஏம்ப்பா, மகாவிஷ்ணு கையில அம்மை குத்துன தழும்பு இருக்குது. வைகுண்டத்துக்கு எந்தக் கம்பவுண்டர் போய்க் குத்துனான்?”

அழுகைப் படமா? “காசநோயாம்! மூணு ரீலா இருமுறா, பூசுன மை கலையல. எங்க தெருவுல ஒருத்தருக்கு இருமல் வந்தா தெருவே தூங்காது!”

தெலுங்கு மாயாஜாலப் படத்தில் பறக்கும் கம்பளத்தின் கயிறு தெரிந்துவிட்டது. அதற்காக இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. கயிறு கட்டியவன் ஏதோ நான்தான் என்பதுபோல என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாவற்றிலும் மோசம், ஒரு தொழிலாளி படம். கதாநாயகன் முழுக்கைச் சட்டையோடு லேத் முன்னால் குனிந்தான். டர்னர் ரீல் மாற்றும்வரை காத்திருக்கவில்லை. “டேய்! கைய மடிடா! சட்டையச் சுத்தி இழுத்தா கையோட போயிடும்டா!” என்று அலறினார். கதாநாயகன் கேட்கவில்லை, பாட ஆரம்பித்தான். அவன் கை போகப்போகிறது என்று இவர் நிஜமாகவே பதறினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அந்தப் பாட்டுக்காகத்தான் போயிருந்தேன்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். “சும்னிரப்பா!” என்று கன்னடத்தில் அதட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார். “இன்னொரு வாட்டி படம் ஓடறப்ப வாயத் தொறந்தே, இந்தக் கொட்டகைக்குள்ள கால் வெக்கக் கூடாது. ஆயுசுக்கும்!”

டர்னருக்கு முகம் செத்துவிட்டது. சீட்டில்லை, சாராயமில்லை. லேத்தை விட்டால் அவருக்கு இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான். “இனிமே வாயத் தொறந்தா என்னான்னு கேளு, தம்பி” என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த வாரம் ஒரு தமிழ்க் குடும்பப் படம். முன்னெச்சரிக்கையாகத் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு ரீல் ஒழுங்காகப் போனது. இரண்டாவது ரீலின் முடிவில் அம்மா செத்து, கொள்ளியும் வைத்தாகிவிட்டது.

தமிழ்ப் படப் பெட்டியும் கன்னடப் படப் பெட்டியும் ஒரே பெங்களூர் பஸ்ஸில்தான் வரும். மூன்றாவது ரீலை ஆபரேட்டர் பெட்டி மாற்றி எடுத்துவிட்டான். திரையில் அம்மா வேறு முகத்தோடு உட்கார்ந்து, களி கிண்டிக்கொண்டே மகனைக் கன்னடத்தில் திட்டினாள்.

யாராவது கேட்டார்களா? ஒருவர்கூடக் கேட்கவில்லை! எங்கள் ஊரில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் சண்டை போட்டுப் பிரிவார்கள். பாஷை மாறியது யார் காதிலும் உறைக்கவில்லை. பெண்கள் பக்கம் விசும்பல் வேறு. “பாவம், அந்தம்மா எவ்ளோ கஷ்டப்படுது” என்றார் எனக்கு முன்னால் இருந்தவர். எந்த அம்மா ஐயா?

டர்னர் துண்டைக் கடித்தபடி என் தொடையைக் கிள்ளினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! கொட்டகை நிறைய ஜனம், விவரம் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் வாயில் துண்டு. எழுந்து நின்றேன்.

“நிறுத்துய்யா படத்த! இது வேற படம்யா! அம்மா செத்துப்போச்சுய்யா!”

“உக்காருய்யா, மறைக்குது!” என்றது கூட்டம். படம் நின்று விளக்கு எரிந்தது. கொட்டகைக்காரர் டார்ச்சோடு வந்தார். “யாருய்யா கத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் டர்னர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “நான்தானுங்க.”

இல்லை, நான்தான் என்று எவ்வளவோ சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கத்துவது யார் என்று ஊருக்கே தெரியுமே! கையைப் பிடித்து இழுத்துப்போய் அவரை வெளியே விட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? கத்துனது நான்!”

“எனக்குத் தெரியாதா? நீ எதுக்கு வெளிய வந்தே? போ உள்ள! ரெண்டு பேரும் வெளிய நின்னா, இனிமே வர்ற படத்துல என்னென்ன அநியாயம் பண்றானுங்கன்னு யாரு வந்து எனக்குச் சொல்றது?”

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். சரியான ரீலை மாட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு நன்றி சொல்லக்கூட அங்கே நாதியில்லை. நான் படத்தில் இருக்கும் தப்புகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்பது கிடைத்தது. பத்தாவதும் கிடைத்தால் டர்னரண்ணன் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகக் கோபப்படுவாரே என்று, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.