வெயில் இருக்கையில் ஒலித்த பாங்கு

கோபத்தில் யாரும் வானொலி நிலையம் தொடங்கக்கூடாது. நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

கோபம் கொழும்பின் மேல். நோன்பு மாதத்தில் அங்கிருந்து வரும் வானொலி, "கொழும்பும் அதனை அண்டிய பிரதேசங்களும்" என்று சொல்லிவிட்டு, நோன்பு திறப்பதற்கான மஃரிப் பாங்கை ஒலிபரப்பும். கற்பிட்டிக் கரையில் இருக்கும் நாங்கள் அதற்குமேல் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டு, கஞ்சிக் கோப்பையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறியவர்களுக்கு ஊர்தான் சொந்தமில்லை, நேரமும் சொந்தமில்லையா என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் கத்தினேன். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் கருவிகளைத் தந்தது, படம் பிடித்தது, போய்விட்டது. பள்ளிவாசல் நிர்வாகம் பின்பக்க அறையைத் தந்தது. எங்களுக்கென்று ஒரு சமூக வானொலி. (கருவிகளை இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். தெரியாது.)

அந்த வருடத்தின் முதல் நோன்பு. எங்கள் நேரத்துக்கு எங்கள் பாங்கு என்று நானே பல நாளாக அறிவித்திருந்ததால், ஊரே எங்கள் வானொலியைத் திருப்பி வைத்திருந்தது. என் வாப்பாவும்தான். சீனி வருத்தம் உள்ளவர். நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியும் கேட்காதவர். வீடு, வள்ளம் எல்லாம் மன்னாரோடு போயின. அகதி முகாமில் பசி கிடந்த காலத்திலும் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை என்பதுதான் அவரிடம் மிஞ்சியிருந்த பெருமை.

மைக்கில் எங்கள் அறிவிப்பாளர் ரீட்டா, மாதா கோயிலுக்குப் போகும் மீன்பிடிக் குடும்பத்து வேதக்காரப் பிள்ளை, வெங்காயத்துக்கு வரும் நோயைப் பற்றிப் பேசி முடித்து, ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தாள். வெளியே இன்னும் வெயில். பாங்குப் பதிவின் சத்தம் சரிதானா என்று எனக்கு மட்டும் கேட்டுப் பார்க்க நினைத்தேன். ஹெட்போனை மாட்டிக் கணினியைத் தட்டினேன். வெளியே போகும் வழியை அடைக்க மறந்தேன்.

அருமையான குரல். கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். ரீட்டா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நானா, வெளிய போகுது!"

"என்னது?"

"பாங்கு! ஊருக்கெல்லாம் கேட்குது!"

நிறுத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன்:

"யாரும் தின்னாதீங்க! வாயில இருக்கிறதத் துப்புங்க! நேரம் இன்னும் வரல்ல!"

யன்னலுக்கு வெளியே, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் பாதி ஈச்சம்பழத்தோடு நின்றார்.

"மத்தப் பாதி உள்ளுக்குப் போயிட்டு தம்பி," என்றார். "அதுக்கு என்ன செய்ய?"

சரியான நேரத்துக்கு மறுபடியும் பாங்கை விட்டேன். ஒருவரும் நம்பவில்லை. கொழும்பு வானொலியைக் கேட்டு, ஒன்றிரண்டு நிமிடம் கூட்டித்தான் நோன்பு திறந்தார்களாம்.

வீட்டுக்குப் போனேன். வாப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கஞ்சிய ஒரு மடக்குக் குடிச்சிட்டன்."

"மறந்து குடிச்சா நோன்பு முறியாதுதானே வாப்பா."

"நான் மறக்கல்லடா. உன்ன நம்பினேன்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெருநாள் முடிந்து, அந்த நோன்புக்கு ஈடாக இன்னொரு நாள் பிடித்துக் களாச் செய்தார். என் நோன்பு முறியவில்லை என்றாலும், நானும் அவரோடு சேர்ந்து பிடித்தேன். மாலையில் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். வாப்பா ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது பள்ளிட பாங்கா, உன்ட பாங்கா?"

உம்மா சிரித்த சிரிப்பில் கஞ்சி பாயில் கொட்டியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் விடியற்காலைச் சுபஹுப் பாங்குக்குக்கூட அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் எழும்புவதில்லை. என் மனைவி வீட்டாரும் பழகிவிட்டார்கள்.

வானொலி இன்னும் நடக்கிறது. நோன்பு மாதப் பாங்கை மட்டும் நிர்வாகம் என்னிடம் தருவதில்லை, ரீட்டாதான் விடுகிறாள். அவள் விட்டால், வாப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் ஈச்சம்பழத்தை வாயில் போடுகிறார்.