தாமிர மனிதனுக்காகப் போட்ட மொட்டை

சாமிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டவர்களை நான் மதிக்கிறேன். பேன் தொல்லை தாங்காமல் போட்டவர்களையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக, அதுவும் திருமலைக்குப் போய், அதுவும் மூன்று தலைமுறை மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, அதுவும் கல்யாணத்துக்கு ஒன்பதே நாள் இருக்கும்போது மொட்டை போட்டுக்கொண்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமைதான்.)

எழுபதுகளின் கடைசி. சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தைந்து. அந்த வயதில் மற்ற குமாஸ்தாக்கள் சீட்டாடினார்கள், டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதினார்கள். நான் ஃபைல் அட்டைக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்தேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பக்கம் புரட்டுவதைப் பார்த்த சூப்பிரண்டு, நான் பெரிய உழைப்பாளி என்று நைனாவிடம் (எங்கள் வீட்டில் அப்பா நைனாதான்) சொல்லியிருக்கிறார்.

என் தெய்வம் (சபையார் மன்னிக்க வேண்டும்) தாமிர மனிதன். குண்டு பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அதே பத்திரிகையில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் இன்னொருவன் வருவான். சூறாவளி சோமன். ஒரு சுற்றுச் சுற்றினால் காற்றாகிவிடுவான். தாமிர மனிதனுக்கு முன்னால் அவனெல்லாம் ஒரு ஆளே இல்லை என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்குப் பெயர் திருமலை முனிரத்தினம். வாசகர் கடிதப் பக்கத்தில் அவர், 'தாமிர மனிதன் மழையில் நின்றால் துருப் பிடித்துவிடுவான்' என்று எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. 'தாமிரம் துருப் பிடிக்காது, களிம்புதான் ஏறும், பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது தெரியும்' என்று பதில் போட்டேன். இப்படி இரண்டு வருஷம் அடித்துக்கொண்டோம். அச்சில் திட்டிக்கொள்ள இடம் போதாமல் தபால் கார்டில் திட்டிக்கொள்ள ஆரம்பித்து, அப்படியே சிநேகிதமாகிவிட்டோம். ஆனால் நேரில் பார்த்ததில்லை.

அந்த வருஷ தீபாவளி மலரில்தான் அந்த அதிசயம் நடந்தது. தாமிர மனிதனும் சூறாவளி சோமனும் முதல் தடவையாக ஒரே கதையில் சேர்ந்து வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆபீஸில் என்னை மதனப்பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் சித்தூர் கடைகளில் ஒரு பிரதி இல்லை. இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை. இதற்கிடையில் ரேணிகுண்டாவில் எஸ்தர் என்று ஒரு டீச்சரை எனக்குப் பேசி முடித்து, ஜனவரியில் கல்யாணம் என்று வைத்துவிட்டார்கள். நான் வாடியிருப்பதைப் பார்த்து, மாப்பிள்ளைக்குப் பெண் நினைவு என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

கல்யாணம் நெருங்கும்போது முனிரத்தினத்தின் கார்டு வந்தது.

'மலர் என்னிடம் ஒன்று இருக்கிறது. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. நேரில் வரவும். நான் கல்யாணகட்டாவில் வேலை செய்கிறேன். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.'

கல்யாணகட்டா. எங்கள் ஜில்லாவில் பிறந்த எந்த இந்துக் குழந்தையைக் கேட்டாலும் அர்த்தம் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்கள், காமிக்ஸ் கதை வெளியே வரும். அதனால் எனக்கு நானே அகராதி எழுதிக்கொண்டேன். கல்யாணம் என்றால் கல்யாணம். கட்டா என்றால் கட்டடம். ஆக, கல்யாண மண்டபம். முனிரத்தினம் அங்கே சமையல்காரராகவோ மேளக்காரராகவோ இருக்க வேண்டும். மண்டபத்து ஆளுக்குப் பத்திரிகை வைத்த மாதிரியும் இருக்கும் என்று என் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

"சிநேகிதனுக்குப் பத்திரிகை குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன் வீட்டில்.

"நாளைக்கு மூணாவது ஓலை. எஸ்தர் வீட்டுக்காரங்க வராங்க. பொழுதோட வந்து சேரு" என்றார் நைனா.

ஓலை என்பது எங்கள் சபை வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் மாப்பிள்ளை, பெண் பெயரைக் கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாசித்து, 'இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்' என்பார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்திருந்தது.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துத் திருப்பதி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மலை. இறங்கியதும் ஒருவரிடம், "கல்யாணகட்டா எக்கட?" என்று கேட்டேன். அவர் என் தலைமுடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு வழி காட்டினார். (அப்போது எனக்குக் காதை மூடும் முடி. கல்யாணத்துக்கென்றே வளர்த்தது.) மண்டபத்துக்கு வழி கேட்டால் கும்பிடுகிறார்களே, என்ன மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு பெரியவர், "மொக்கு உந்தா, நாயனா?" என்றார்.

எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆனால் அது ஆபீஸ் தெலுங்கு, சந்தைத் தெலுங்கு. தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மொக்கு என்றால் மல்லிகை மொக்குதான். கல்யாண வேலையில் இருப்பவர் பூவைப் பற்றிக் கேட்கிறார், நம் கல்யாணத்துக்கும் பூவுக்குச் சொல்லியாகிவிட்டது என்ற திருப்தியில், "உந்தண்டி", இருக்கிறதுங்க, என்றேன். அவர் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்தார். பந்திக்கு டோக்கன் கொடுக்கிறார்கள், பெரிய இடத்துக் கல்யாணம் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உள்ளே நடந்தேன்.

உள்ளே வரிசை வரிசையாக ஜனம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. தரையெல்லாம் முடி. எதிரில் கத்தியோடு ஆட்கள். விஷயம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. முனிரத்தினம் சமையல்காரரும் இல்லை, மேளக்காரரும் இல்லை.

அந்த நிமிஷமே திரும்பியிருந்தால் மானத்தோடு வீடு போயிருக்கலாம். ஆனால் மலர் வேண்டுமே. முனிரத்தினம் யார் என்று விசாரித்தேன். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவரைக் காட்டினார்கள். பின்னால் இருந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தியது.

"கூர்ச்சோ" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

உட்கார்ந்துதான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று உட்கார்ந்தேன். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய தீபாவளி மலர் தெரிந்தது. அட்டையில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது யார்? ஒரு துண்டு பாதி மறைத்திருந்தது. இரண்டு வருஷச் சண்டைக்குத் தீர்ப்பு அந்தத் துண்டுக்குக் கீழே இருக்கிறது. நான் குனிந்து பார்த்தேன்.

அந்த இடத்தில் ஒருவன் தலையைக் குனிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தலையில் தண்ணீர் விழுந்தது. குளிர்ச்சியாக என்னவோ நெற்றியிலிருந்து உச்சிவரை போயிற்று. அது எனக்கு உறைக்கவே இல்லை. துண்டு விலகிவிட்டது.

"தாமிர மனிதன்தான் முன்னாடி நிக்கறான்" என்று கூவினேன்.

கத்தி நின்றது. முனிரத்தினம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"யாரு சார் நீங்க?"

"சித்தூர் அருள்தாஸ்."

அவர் தன் கையிலிருந்த முடியைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். "சார், நீங்க கிறிஸ்டியன் ஆச்சே. எதுக்கு சார் இங்க உக்காந்துகினு கீறீங்க?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க."

"புக்கு வாங்க வரச் சொன்னேன் சார். மொட்டைக்கா வரச் சொன்னேன்?"

தொட்டுப் பார்த்தேன். நடுமண்டையில் நான்கு விரல் அகலத்துக்கு ரோடு போட்டிருந்தது. எனக்கு ஒன்பது நாளில் கல்யாணம் என்று சொல்லிப் பையிலிருந்த பத்திரிகையை நீட்டினேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

"ஒட்டவைக்கவும் முடியாது சார். இப்படியே விட்டா இன்னும் அசிங்கமா இருக்கும். என்ன செய்யச் சொல்றீங்க?"

என்ன செய்வது? முடித்துவிடச் சொன்னேன். அப்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "கடைசிப் பத்துப் பக்கம் நான் இன்னும் படிக்கல சார். உங்களோட சேந்து படிக்கலாம்னு அப்படியே வச்சிருக்கேன்."

இரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்திருக்கிறார். என்னால் இரண்டு நாள் முடியாது. அவர் சிரைக்க, நான் மடியில் மலரை விரித்துச் சத்தமாகப் படித்தேன். இரண்டு வீரர்களும் ஒருவரை ஒருவர் வில்லன் என்று தப்பாக நினைத்து மூன்று பக்கம் அடித்துக்கொண்டு, அப்புறம் கைகோத்தார்கள். பக்கத்து வரிசைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான கால்மணி நேரம் அதிகம் இல்லை. முடி போன துக்கமே தெரியவில்லை.

முடித்ததும் கைப் பழக்கத்தில் சந்தனம் பூசிவிட்டு, உடனே பதறித் துடைத்தார். "புக்கு எடுத்துக்கினு போங்க சார். கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கிறேன்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "நைனா உசுரோட உக்காந்துகினு இருக்கும்போது மொட்ட அடிச்சுக்கினு வந்து நிக்கறியேடா, பாவி."

"எங்க போய்க்கினு வந்தே?" என்றார் நைனா.

"திருப்பதி."

"கீழயா, மேலயா?"

"மேல."

நைனா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவர் சபையில் மூப்பர்.

மறுநாள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலிலேயே சபை அண்ணன் ஒருவர், "ஆம்பளைங்க தலைய மூடிக்கினு ஆராதனைல உக்காரக்கூடாது" என்று அதை உருவிக்கொண்டார். போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கோயில் மொத்தமும் என் தலையைப் பார்த்தது. எஸ்தரின் பெரியப்பா எழுந்து நின்றார்.

"ஒரு விசாரணை கீதுங்க ஐயா."

ஆராதனை முடிந்து போதகர் அறையில் கூடினோம். நைனா தலை நிமிரவில்லை. எஸ்தர் கதவோரம் நின்றாள். அதுவரை அவளோடு நான் தனியாக நாலு வார்த்தை பேசியதில்லை. அவளை இழந்துவிடுவேன் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில்தான் முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தேன்.

"வேண்டுதல் ஏதாவது இருந்தா ஒளிக்காம சொல்லிடு தம்பி. ஜெபிச்சு சரி பண்ணிக்கலாம்" என்றார் போதகர், தன்மையாக.

நான் கார்டு, கட்டா, மொக்கு, அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதல் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். உண்மையை ஒருவரும் நம்பவில்லை.

"பொம்மை புக்குக்கா? சர்க்கார் உத்தியோகம் பண்றவன் பேசற பேச்சா இது?" என்றார் பெரியப்பா.

பையிலிருந்து மலரை எடுத்துக் கொடுத்தேன். போதகர் பிரித்தார். கடைசிப் பத்துப் பக்கத்தின் இடுக்கில் என் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பெரியப்பா, "இவன் பேச்ச எப்படி நம்பறது?" என்றார்.

எஸ்தர் பேசினாள். "பெரியப்பா, பொய் சொல்றவங்க மானத்தக் காப்பாத்திக்கத்தான் சொல்லுவாங்க. இவரு சொல்றதுல மானம் எங்க கீது? இது நெசந்தான்."

அறையில் முதலில் சிரித்தது போதகர். அப்புறம் நைனா. தடை ஏதும் இல்லை என்று முடிவாயிற்று. பெரியப்பா மட்டும் விசாரணைக்கென்று மலரை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திருப்பி அனுப்பியபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: 'இதற்கு முந்தின கதை இருந்தால் கொடுத்தனுப்பவும்.'

கல்யாணத்துக்கு முனிரத்தினம் வந்தார். மலரை வாங்கிக்கொண்டார். போட்டோ எடுக்கும்போது என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒம்பது நாளைக்கு இவ்ளோதான் சார் வளரும்" என்று வருத்தப்பட்டார்.

அந்த போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வளர்ந்த முடி பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, யாரும் கத்தி வைக்காமல் தானாகவே போய்விட்டது. போன மாதம் பேத்தி நாற்காலிமேல் ஏறி நின்று போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல ஆயா மட்டும்தான் சின்னப் பொண்ணு. தாத்தா கல்யாணத்தப்பவே தாத்தாதான்" என்றாள். வீடே சிரித்தது. இப்போது சொந்தக்காரர் யார் வந்தாலும் அவளை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

எஸ்தர் மட்டும் அன்று சிரிக்காமல் பேத்தியை இறக்கிவிட்டாள்.

"கடைசியில எப்படி இருப்பாருன்னு மொதல்லயே பாத்துட்டுதான் கண்ணு இவரக் கட்டிக்கினேன்."