அரை மணி நேரத் தாய்மாமன்

தாய்மாமன் என்ற பதவிக்குச் சம்பளம் கிடையாது. கோபித்துக்கொள்ளும் உரிமை மட்டும் உண்டு. நம் வீட்டு விசேஷங்களில் மற்றவர்கள் எல்லாம் ஓடி ஓடி வேலை செய்வார்கள். தாய்மாமன் எப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்று பார்ப்பதற்காகவே நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பதவியை நான் முழு மனதோடு வகித்தவன். அக்கா மகள் தர்ஷினியின் சடங்கு அன்று, படம் எடுக்க வந்தவன் "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். (அங்கிளாம்! மால போட்ட தாய்மாமனப் பாத்து!) உடனே காருக்குள் போய் உட்கார்ந்து ஏர்கானைப் போட்டுக்கொண்டேன். சீர்த்தட்டிலிருந்து எடுத்து வந்த வாழைப்பழத்தைத் தின்றபடி, யாராவது வந்து கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தேன். வந்தார்கள், கெஞ்சினார்கள். குடும்பத்தில் என் பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது.

அதனால் தர்ஷினிக்கு நிச்சயம் என்றதும் அக்கா முதலில் எனக்குத்தான் போன் செய்தாள், எச்சரிப்பதற்கு.

"டேய், கிள்ளான்லேருந்து வராங்க. மரியாத பாக்கற குடும்பம். இந்தத் தடவ மூஞ்சத் தூக்கினே, அக்கா தம்பிங்கறதே இல்ல, சொல்லிட்டேன்."

"நான் ஏன்க்கா தூக்கப் போறேன்?"

"ஒனக்குக் காரணம் வேற வேணுமா?"

சிக்கல் என் முகத்தில் இல்லை, நாளில் இருந்தது. மலேசியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை மாறும். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாள் அவர்கள் மாநிலத்தில் பொது விடுமுறை. எங்கள் ஜொகூரில் அது சாதாரண வேலை நாள். அதிலும் அன்றைக்குத்தான் சிங்கப்பூர் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து எங்கள் தொழிற்சாலையைத் தணிக்கை செய்ய வருகிறார்கள். யாருக்கும் லீவு கிடையாது. மனைவியையும் சீர்த்தட்டுகளையும் முதல் நாளே பெக்கோக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

"நான் வீடியோல வந்துர்றேன்க்கா."

"லைன் வருமா?"

"எங்க கம்பெனி இன்டர்நெட்டே என் கையிலதான் இருக்கு!" என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

என் கையில் இருந்தது உண்மைதான். மாசாய் பக்கம், பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் நான் நிர்வாகப் பிரிவு. தகரக் கூரைக்குக் கீழேயும் சரி, வெளியே கேட் வரைக்கும் சரி, கைப்பேசிக்கு லைன் சுத்தமாக வராது. அதனால் கம்பெனி எல்லோருக்கும் வைஃபையைத் திறந்துவிட்டது. எல்லோரும் அதில் பந்து விளையாட்டும் சீரியலும் பார்த்தார்கள். ஒரு நாள் சரக்கு அனுப்பும் உத்தரவே கம்ப்யூட்டரை விட்டு வெளியே போக முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. "ஏதாவது செய்" என்றார் மேனேஜர். செய்தேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோட். அதைப் போட்டால் அரை மணி நேரம் சொந்த உபயோகத்துக்கு வைஃபை. ஒரு முறை ஓட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி மிச்சம் பிடிக்க முடியாது. உன் கோட்டை உன் போனில்தான் போடலாம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். மேனேஜர் உட்பட யாருக்கும் விதிவிலக்கு இல்லை. (மணி அடிக்கறது முழுக்க முழுக்க என் சொந்த ஐடியா. பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.)

ஆட்கள் கெஞ்சி வருவார்கள். பழுதுபார்க்கும் பிரிவு ஆ செங், பந்து ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது இன்னும் பத்து நிமிடம் கேட்டான். பேக்கிங்கில் வேலை செய்யும் நேபாளத்துக்காரர் பகதூர், மகள் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதுவதைப் பார்க்கக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். சுட்டுவிரலைத் தூக்கி, "ரூல்ஸ் ரூல்ஸ்லா."

அன்றைக்குப் பட்டுச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் கம்பெனி அட்டை. தணிக்கையில் என் பகுதி மத்தியானத்துக்கு மேல்தான். கேன்டீன் மூலையில் போனை மிளகாய்ச் சம்பல் போத்தல் மீது சாய்த்து வைத்துவிட்டு, பதினோரு மணிக்குக் கோட்டைப் போட்டேன். அரை மணி நேரம் ஓட ஆரம்பித்தது.

பெக்கோக்கில் மச்சானின் போனை ஹாலில் இருந்த பெரிய டிவியில் இணைத்திருந்தார்கள். என் முகம் அங்கே கதவு அகலத்துக்குத் தெரிகிறது என்றாள் அக்கா.

"மாப்பிள்ள வீடு எங்கக்கா?"

"யோங் பெங் தாண்டிட்டாங்களாம். அதுக்குள்ள ஒன்ன எல்லாருக்கும் காட்டிர்றேன்."

அலமாக்! இதை நான் எதிர்பார்க்கவில்லை. மச்சான் டிவியிலிருந்து போனைக் கழற்றிக் கொடுத்தார். அது வீடு முழுக்கக் கை மாறிப் போனது. சமையற்கட்டில் கேசரியைக் காட்டினார்கள். சின்னம்மா முட்டி வலியை முதலிலிருந்து சொன்னார். ஒரு மாமா வைஃபைக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று விசாரித்தார். யாரோ என்னைக் கட்டில்மேல் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். ஃபேன் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணிதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இன்டர்நெட்டே என் கையில் இருக்கிறது என்று சொன்னவன் எந்த வாயால் சொல்வது?

ஒருவழியாக மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என்னை மறுபடி டிவியில் ஏற்றினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அவர்கள் பக்கம் பேசுகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, அவசரமே இல்லாத மனிதர். தங்கள் குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்தார்.

'டிங்.'

"நல்ல சகுனம், மணி அடிக்குது பாருங்க!" என்றார் சின்னம்மா. எனக்கு மிச்சம் ஐந்தே நிமிடம்.

"ஐயா, நேரா விஷயத்துக்கு வந்துரலாமே," என்றேன்.

பெரியப்பா டிவியை அண்ணாந்து பார்த்தார். "தம்பிக்கு அவசர வேல போல."

"இல்லீங்க, இல்லீங்க, நீங்க சொல்லுங்க..."

சொன்னார். அவர் தாத்தா கப்பலில் வந்த கதை முடியும்போது எனக்கு ஒரு நிமிடம்கூட மிச்சம் இருந்திருக்காது. அப்போதுதான் அக்கா தட்டைக் கையில் எடுத்து என் பக்கம் திரும்பினாள். பெரியப்பா கேட்டார்:

"பொண்ணோட தாய்மாமன் என்ன சொல்றீங்க? ஒங்களுக்குச் சம்மதந்தானே?"

அதே நொடியில் கேன்டீன் அக்கா காய்ந்த மிளகாயை அரைத்துச் சட்டியில் கொட்டினார். நெடி மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது. முழுதாக வரவில்லை. மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, ஒரு கண் மூடி, முகம் ஒரு பக்கம் கோணிய அந்த இடத்தில் என் அரை மணி நேரம் முடிந்தது.

நான் கேன்டீனில் தும்மினேன். பெக்கோக்கில் தும்மவில்லை. அங்கே கதவு அகலத்துக்கு ஒரு தாய்மாமன், சம்மதமா என்று கேட்டதற்கு, அழுகின மீனை மோந்தவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அசையாமல் நின்றான். தொட்டால் இருக்கிற லைனும் போய்விடுமோ என்று பயந்து, மச்சான் போன் பக்கமே போகவில்லையாம்.

ஆபீசுக்கு ஓடி மேசைப் போனிலிருந்து அக்காவை அழைத்தேன். எடுத்ததும் தாழ்ந்த குரலில் பொரிந்தாள்.

"பழி வாங்கிட்டே இல்ல? கேட்டதுக்கு அப்படி ஒரு மூஞ்சி! ஒம் பொண்டாட்டியே, 'அவருக்கு இது வழக்கம்தான், கொஞ்ச நேரத்துல எறங்கிருவாரு'ங்கறா."

"அக்கா, லைன் போச்சு! எனக்கு சம்மதம்! பெரியப்பாகிட்ட போனக் குடு, நானே சொல்றேன்."

"கொரலு வேணாம்டா. நான் அழுது ஒன்னப் பேச வெச்சேன்னு நெனப்பாங்க. அவங்க பாத்தது மூஞ்சிய. அந்த மூஞ்சி சிரிச்சாத்தான் தட்டத் தொடுவேங்கறாரு. ராகு காலம் வேற வருது." குரல் உடைந்தது. "தர்ஷினி உள்ள உக்காந்து அழுதுகிட்டிருக்காடா."

அதுவரை என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த வார்த்தையோடு மானத்தைப் பற்றிய கவலை போய்விட்டது. வேலையே போனாலும் சரி, சிரித்த முகத்தோடு அந்த டிவியில் நான் தெரிந்தாக வேண்டும்.

கேன்டீனுக்குத் திரும்பினேன். முதல் ஷிப்ட் சாப்பாட்டுக்கு வந்து நிறைந்திருந்தது. பட்டுச் சட்டையோடு நடுவில் நின்று, கோட் மிச்சம் இருக்கிறவர்கள் உதவ வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஆ செங் நிதானமாக எழுந்து, சுட்டுவிரலைத் தூக்கினான்.

"ரூல்ஸ் ரூல்ஸ்லா, போஸ்."

கேன்டீன் சிரித்ததில் தகரக் கூரை அதிர்ந்தது. நானும் சிரித்து வைத்தேன். (வேற என்ன செய்ய?)

"சிரிச்சது போதும்லா, யார்கிட்ட இருக்கு?"

ஆ செங் காலையிலேயே முடித்துவிட்டான். பகதூர் மெல்லக் கையைத் தூக்கினார். மனைவியோடு பேச வைத்திருந்தாராம். எழுந்து வந்து கோட்டை நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டியபோது, வாசலில் மேனேஜரும் தணிக்கைக்கு வந்த மேடமும் நின்றிருந்தார்கள்.

"இவர்தான் வைஃபை கட்டுப்பாட்டை உருவாக்கியவர்," என்று மேனேஜர் பெருமையாக அறிமுகம் செய்தார்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியா? இதில் யாருக்காவது விதிவிலக்கு உண்டா?"

"யாருக்கும் இல்லை மேடம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உண்மைதான் மேடம்," என்றான் ஆ செங். "அக்கா மகள் நிச்சயம் நின்னாலும் கிடையாது."

மேடம் என்னைப் பார்த்தார். நான் பகதூர் கையில் இருந்த கோட்டைப் பார்த்தேன். அதை என் போனில் போட்டால் என் ரூலை நானே, தணிக்கைக்காரர் கண் முன்னால் உடைத்தவன் ஆவேன். ஆனால் அந்த ரூலை எழுதியவன் நான். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவரவர் கோட்டை அவரவர் போனில் போட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். பக்கத்தில் யார் உட்காரலாம் என்று எழுதவே இல்லை.

"பகதூர், ஒங்க போன்ல ஒங்க கோட்டப் போடுங்க. நான் சொல்ற நம்பருக்கு நீங்களே வீடியோ கால் பண்ணுங்க."

"போலே, செய்யலாம் போஸ். ஆனா எனக்கும் நிச்சயம் பாக்கணும்."

மச்சான் எண்ணைச் சொன்னேன். நல்ல வேளை, எடுத்தார். பெக்கோக் டிவியில் என் கோணல் முகம் மறைந்து, அந்த இடத்தில் தலையில் வலைத் தொப்பி போட்ட ஒரு நேபாளத்து மனிதர் தோன்றி, பவ்யமாகக் கும்பிட்டார்.

"அடியே, தாய்மாமனையே மாத்திட்டாங்களா?" என்றது சின்னம்மா குரல்.

நான் பகதூர் தோளை இடித்துக்கொண்டு முகத்தை நுழைத்தேன். "ஐயா! எனக்கு முழுச் சம்மதம்! நடந்தது தும்மல்! மிளகாத் தும்மல்! அக்கா, தட்ட மாத்துங்க!" சொல்லிக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். எனக்குப் பின்னால் கேன்டீனே கூடிவிட்டது. ஆ செங் நாற்காலிமேல் ஏறி "செத்துஜு!" என்று கத்தினான். 'சம்மதம்' என்று மலாயில். உடனே அத்தனை பேரும் "செத்துஜு! செத்துஜு!" என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா மீசையைத் தடவினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. "தாய்மாமன் பக்கம் ஆள் ஜாஸ்தியா இருக்காங்கப்பா, இனி நம்மால மறுக்க முடியாது," என்று சிரித்தபடி தட்டைத் தொட்டார். கண் சிவந்த தர்ஷினி ஓரத்திலிருந்து எனக்குக் கை காட்டினாள். மிச்ச நேரத்தில் பகதூர் தன் மனைவியோடு பேசினார். அதையும் கேன்டீனே பார்த்தது.

மத்தியானம் என் பகுதிக்கு வந்த மேடம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். போகும்போது, "கட்டுப்பாடு நன்றாக வேலை செய்கிறது. கொஞ்சம் அதிகமாகவே," என்றார். மறுநாளே, குடும்ப விசேஷம் என்றால் கூடுதலாக ஒரு கோட் என்று ரூலைத் திருத்தினேன்.

கல்யாணத்துக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. பகதூருக்குத் தாய்மாமன் வரிசையில் துண்டு போட்டு மரியாதை செய்தார்கள். நான் மணமேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் தாலி எடுத்துக் கொடுக்கும் முன் பெரியப்பா என்னை உற்றுப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் அசைங்க பாப்போம்," என்றார். கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். அதன் பிறகுதான் கெட்டிமேளம்.

அந்தக் கோணல் முகத்தை யாரோ டிவியிலிருந்து படம் எடுத்துக் குடும்ப வாட்சப் குழுவின் முகப்பில் வைத்துவிட்டார்கள். இன்றும் அதுதான் இருக்கிறது. இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. போன மாதம் ஒரு விருந்தில் எனக்குக் கடைசியாகச் சோறு போட்டார்கள். நியாயமான கோபம். முறைப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்தேன். அக்கா கடந்து போனாள். தர்ஷினி கடந்து போனாள். என் மனைவி மட்டும் நின்று, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லைன் இல்ல போல. தானா வரும், விடுங்க."