எட்டுக்கால் சிப்பும் இடது பக்கமும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எங்கள் வீட்டில் விட்டுச்சென்ற சாமான்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் என்று எழுதிவிட்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் என்று திருத்தி வாசிக்கவும். நாற்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் சொந்த மாப்பிள்ளைக்கு அடித்தல் திருத்தலோடு கடிதம் போடக் கூடாது என்பதால் மேலே அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நடுநடுவே நீங்கள் "ஐயோ மாமா" என்பீர்கள், எனக்கு வரிசை குழம்பிவிடும். அதோடு நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை என் வலது கைப்பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்வாள், ஒரு வார்த்தை அவளுக்குத் தப்பாது. சனிக்கிழமை நீங்கள் வந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். நீங்கள் மட்டும் படிக்கவும். என் மகள் படித்தால் சிரிப்பாள், சிரித்த கையோடு அம்மாவுக்குப் போன் போடுவாள்.

விஷயம் உங்கள் கையாலேயே நீங்கள் கட்டிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் பற்றியது. கிளம்புகிற அன்று மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினீர்கள், ஞாபகம் இருக்கும். "மாமா, இந்த எட்டுக்கால் சிப்புதான் இதுக்கு உயிர். சத்தத்தைப் பெருசாக்கிக் குடுக்கறதே இதுதான். உள்ள ரெண்டு பாதி இருக்கு, ஒண்ணு இடது காதுக்கு, ஒண்ணு வலது காதுக்கு. ஈயம் வச்சுப் பத்த வைக்கலை, சாக்கெட்ல சும்மா சொருகியிருக்கு. வேற சிப் போட்டா சவுண்டே மாறிடும். ஆனா நீங்க மாத்தாதீங்க" என்றீர்கள். இதில் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அதைச் சொல்லாமல் போயிருந்தால் மாற்றலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும். மேசை இழுப்பறையில் கறுப்புப் பஞ்சில் குத்தி மூன்று உபரி சிப்புகளை நீங்கள் வைத்ததையும் நான் வேண்டுமென்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

நீங்கள் நல்ல மனதோடு செய்த காரியத்தில்தான் வினையே ஆரம்பித்தது. உங்கள் அத்தை கல்யாணத்துக்கு முன்னால் பன்னிரண்டு பெண்களோடு சேர்ந்து பாடிய பாட்டை எங்கிருந்தோ பழைய கேசட்டிலிருந்து தேடி எடுத்து, சுத்தம் செய்து, பிளேயரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அத்தை ஓரத்துல நின்னுருக்காங்க, அவங்க குரல் இடது பக்கம் வரும் மாமா" என்று என்னிடம் சொன்னீர்கள். அவள் அப்போது உள்ளே உங்கள் பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் அத்தை வழக்கம்போல வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். பாட்டு முடிந்ததும், "என் குரல் கேக்குதா?" என்றாள். ஒரு பிழையைக் கண்டும் காணாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "பன்னெண்டு பேர் கேக்குது, நீ இல்லை" என்றேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு, "முப்பத்தாறு வருஷமா கேக்குற குரல்தானே, அது எதுன்னு தெரியலையா?" என்றாள். "அது வேற, இது பாட்டு" என்றேன். அதையும் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் இல்லை. சுருக்கிவிடுவாள். சாப்பாடு என்றால் "இருக்கு", தண்ணீர் என்றால் "அதுல". இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? மறுநாள் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சிப்புக்குள் இரண்டு பாதி என்றீர்களே, அதில் இடது பாதி சொத்தை. உங்கள் வேலையைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது, இந்தக் காலத்தில் எதிலுமே இடது பக்கம் சரியில்லை. பஸ்ஸில் இடது பக்கம் வந்து உட்காருகிறவன் வாய்க்குள்ளேயே பேசுகிறான். முடி வெட்டுகிறவர் வலது பக்கம் நிற்கும்வரை நன்றாகப் பேசிவிட்டு இடது பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். நானும் என்னவோ ரகசியம் என்று தலையாட்டிவிடுவேன். போன மாதம் அப்படித் தலையாட்டியதில் மீசை போய்விட்டது.

ஆகவே மூடியைத் திறந்தேன். என் மகள் விட்டுப்போயிருந்த புருவம் திருத்துகிற இடுக்கியால் சிப்பை நெம்பி எடுத்தேன். ஒரு கால் வளைந்தது, நிமிர்த்திவிட்டேன். உங்கள் உபரி மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பழைய வழக்கப்படி நோட்டில் மெய்ப்பு ஒன்று, மெய்ப்பு இரண்டு என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்தேன். முதல் சிப்பில் தாளம் பளிச்சென்று இருந்தது, வயலின்காரர் வில்லை மாற்றுவதுகூடக் கேட்டது, உங்கள் அத்தை கேட்கவில்லை. இரண்டாவதில் எல்லாப் பெண்களும் ஓரடி பின்னால் தள்ளி நின்ற மாதிரி இருந்தது, அதிலும் இவள் இல்லை. மூன்றாவதில் இதுவரை கேட்காத ஓர் இருமல் கேட்டது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுப்படிக்கு ஓடிப்போய், "நடுவுல இருமினது நீயா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு இருமறேன்?" என்றாள். அன்றைக்கு அதுதான் அவள் பேசிய நீளமான வாக்கியம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போனேன். அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். "சார், ரெண்டு பக்கமும் சமமாத்தான் வருது. அருமையாக் கட்டியிருக்காங்க" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்தவர், காது போயிருக்கிறது, மனுஷனுக்கே அது தெரியவில்லை. மனம் நோகக் கூடாதே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, உபரி எதுவும் உதவாது, பழைய சிப்பையே போட்டுவிடுவோம் என்று நினைத்தேன். இங்கேதான், மாப்பிள்ளை, கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டும். அந்தச் சிப்பின் முதுகில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கிறதே, அது உங்கள் பெட்டியில் தலைகீழாக நின்றது. மற்ற மூன்றையும் பயந்துகொண்டே நீங்கள் வைத்திருந்த மாதிரியே தலைகீழாகத்தான் வைத்தேன். ஆனால் தலைகீழாக நிற்கிற எழுத்தைப் பார்த்துக்கொண்டு என் கை எத்தனை நாள் சும்மா இருக்கும்? நாற்பது வருடத்தில் அப்படி ஒரு எழுத்தை நான் தாண்டிப் போனதில்லை. மாப்பிள்ளை அவசரத்தில் கவனிக்காமல் வைத்துவிட்டார், நாம் திருத்திக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று, எழுத்து நேராக வாசிக்கும்படி திருப்பி வைத்து ஸ்விட்சைப் போட்டேன். முதலில் வாசனை வந்தது. பிறகு மெல்லிசாகப் புகை வந்தது. தொட்டுப் பார்த்ததில் என் ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளமும் வந்தது.

உங்கள் நண்பர் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொடுத்தது, இப்போது யாரும் செய்வதில்லை என்று நீங்கள் சொன்ன சிப் அதுதான். ரிப்பேர்க்காரர் பார்த்துவிட்டு, "சார், சிப்ல எழுத்தைப் பாக்கக் கூடாது. ஓரத்துல சின்னதா ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அதைத்தான் பாக்கணும். திருப்பிப் போட்டா கரண்டு மாறிப் பாயும்" என்றார். எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சொல்வது இதுவே முதல் தடவை. நல்லவேளையாகப் பெட்டியில் வேறெதற்கும் சேதமில்லை என்று உபரியில் இரண்டாவதைச் சொருகிக் கொடுத்தார். இப்போது பாடுகிறது. அந்தக் கருகின பூச்சியை (உங்கள் அத்தை சிப்பைப் பூச்சி என்றுதான் சொல்கிறாள்) தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்க விரும்பினால் பார்க்கலாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, வரும்போது இடது பாதி வலுவாக உள்ள சிப் ஒன்று கொண்டுவரவும். இரண்டு, அத்தை முன்னால் நீங்களே உங்கள் வாயால், "பெட்டியிலதான் கோளாறு, மாமா மேல தப்பில்லை" என்று சொல்லவும். நான் சொன்னால் எடுபடாது. அவள் குரலை நான் மறந்துவிட்டேன் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது, அது எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது.

நீங்களும் மகளும் நீண்ட ஆயுளோடும், எல்லாப் பக்கமும் நல்ல சத்தத்தோடும் வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வந்து, "எழுதினது போதும், அதை இங்க குடுங்க, நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்" என்றாள். கொண்டை கலையும் என்று இத்தனை நாள் ஹெட்போனைத் தொடாதவள், கொண்டையை அவிழ்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அசையவில்லை. "ஓரத்துல நான்தான் இருக்கேனே, நல்லாக் கேக்குதே" என்று கழற்றி, தன் கையாலேயே என் தலையில் மாட்டிவிட்டாள். வயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, இடவலம் மாறிவிட்டது. மாப்பிள்ளை, வலது காதில் அவள் வந்தாள். மற்றவர்கள் ஆரம்பிக்கும் முன்பே அரைத் தாளம் முந்திக்கொண்டு பாடுகிறாள். நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்வாளே, அதே அவசரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன், காணோம். மறுபடி திருப்பினேன், வந்தாள். ஆறு தடவை செய்து பார்த்தேன்.

ஆகவே மேலே உங்கள் பெட்டி, உங்கள் சிப், பஸ் பயணிகள், முடி வெட்டுகிறவர், ரிப்பேர்க்காரர் ஆகியோரைப் பற்றி எழுதியதை எல்லாம் நீக்கி வாசிக்கவும். சிப் கொண்டுவர வேண்டாம், காது டாக்டர் யாராவது தெரிந்தால் சொல்லவும். தயங்கித் தயங்கி உங்கள் அத்தையிடம், "எனக்கு இடது காது சரியில்லை போலிருக்கு" என்றேன். அவள் கொண்டையை முடிந்துகொண்டே, "அது எனக்கு நாலு வருஷமாத் தெரியும். பாட்டு அந்தப் பக்கம் வருதுன்னுதான் தெரியாமப் போச்சு. பின்ன எதுக்கு நான் எப்பவும் உங்க வலது பக்கமா வந்து உக்காருறேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

சனிக்கிழமை வரும்போது நீங்கள் இடது பக்கம் உட்காரவும். வலது பக்கத்தில் ஆள் இருக்கிறது.